மிஷின் ஓடுதுங்க, திரும்பச் சொல்லுங்க

செய்தி போனில்தான் வந்தது. ஆபீஸைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி கொளுத்தி, முதல் டீ வருவதற்குள் போன் அடித்தது. சுகந்தி எடுத்தாள். ஆரணிக்கு வெளியே சேத்துப்பட்டு ரோட்டிலிருந்து ஒரு நெசவாளர் பேசினார். அழுகையும் கத்தலுமாக அவர் பேசியதால் அவள் ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்திருந்தாள். அதனால் அவர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "உங்க ஏகாம்பரம் போய்ட்டாரும்மா. லாரி அடிச்சிடுச்சி. எங்க ஊட்டுக்குதான் பொடவ வாங்க வந்துகினு இருந்தாரு. வாசல்ல நின்னு நானே பாத்தேம்மா." சுகந்தி போனை வைக்கவில்லை. மேஜைமேல் கிடத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவருடைய மொபெட்டை ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். அவர்மேல் யாரோ ஒரு வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். லாரி ஓட்டிய பையன் தலையில் கைவைத்துக்கொண்டு போகிற வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான். "ஹாரன் அடிச்சிகினேதான் வந்தேன் சார். ஒதுங்கவே இல்ல சார். அடிச்சிகினேதான் வந்தேன்." கூட்டத்தில் ஒருவர் அவனுக்குச் சமாதானம் சொன்னார். "நீ இன்னா பண்ணுவ? அது செவிட்டு ஆளு. காது கேக்காதவன் ரோட்ல வண்டி ஓட்டலாமா? பேசாம ஊட்ல இருந்திருக்கணும்."

இந்தப் பேச்சை அதற்குப் பிறகு நான் பல இடங்களில் கேட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் கேட்டேன். சுடுகாட்டுக்குப் போய்வந்தவர்கள் சொல்லக் கேட்டேன். காரியத்தன்று இலையில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டே ஒருவர் சொன்னார். நான் கொஞ்சம் வாய்க்காரி. கேட்ட இடத்தில் திருப்பிக் கேட்டேன். ஆனால் ஒவ்வொருவர் வாயையும் தேடிப் போய் அடைக்க முடியாது. ஆரணியில் அவரைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். வெளியூர்க் கடைகளில் அவர் முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் தெரிந்தவர்கள் இன்னும் அதிகம். ஏகாம்பரம் அண்ணன் ஏன் ரோட்டுக்கு வந்தார் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் வேலை பார்ப்பது ஒரு பட்டுச் சேலை மொத்த வியாபாரியின் ஆபீஸில். பஜாரை ஒட்டிய கட்டடத்தின் மாடி. நெசவாளர்களுக்குப் பாவு நூலும் ஊடை நூலும் சரிகையும் கொடுத்து, நெய்த சேலையை வாங்கி, வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புவது வியாபாரம். நான் கணக்குப் பார்க்கிறேன். ஏகாம்பரம் அண்ணன் ஆர்டர் மேஜை. சேலம், ஈரோடு, கோயம்புத்தூர் என்று கடைக்காரர்கள் போன் செய்தால் எடுத்துப் பேசுவது அவர்தான். அந்தக் கடைக்காரர்களுக்கு எங்கள் முதலாளியைவிட அவர்தான் ஆரணி. குரல் என்றால் அப்படி ஒரு குரல். தெருவில் வரும்போதே மாடியில் அண்ணன் பேசுவது கேட்கும்.

நான் சேர்ந்த புதிதில் எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் பெயர் சொல்ல மாட்டார். மேஜையைத் தட்டுவார். நான் திரும்பினால் கையாலேயே கேட்பார். விரலை உருட்டினால் நூல், உள்ளங்கையைத் தடவினால் சேலை, கட்டைவிரலைத் தூக்கி வாயருகே கொண்டுபோனால் டீ. ஒரு நாள் பொறுக்க முடியாமல் நேராகப் போய் நின்றேன். "எனக்கும் ஒரு பேர் கீதுங்க. மலர்விழி. மாட்டத் தட்டற மாதிரி தட்டாதீங்க." என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார். "கோச்சிக்காதம்மா. எங்க ஊட்ல யாரும் யாரையும் பேர் சொல்லி கூப்புட்டதே கெடயாது. தறி ஓடச் சொல்லோ எவனுக்கு கேக்கும்? தோள தட்டுவோம், கைய ஆட்டுவோம். அதான் பழக்கம்."

அவர் விசைத்தறி வீட்டுப் பிள்ளை. நான் தேசூர்ப் பக்கம், கூலி வேலைக்குப் போகிறவர்களின் மகள். எங்கள் ஊரில் ஒரு கழனியில் நின்று கூப்பிட்டால் மூன்றாவது கழனியில் இருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். விசைத்தறி வீடுகளில் அப்படி இல்லை என்பதை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். அங்கே பிறந்த குழந்தைகூடப் பேச்சு வருவதற்குள் கை ஜாடையைக் கற்றுக்கொள்கிறது. பேசினால் கத்திப் பேசுவார்கள். கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள், தொட்டால் திரும்புவார்கள். ஆரணியில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. வேறு ஊராக இருந்தால், இந்த மனிதர் ஏன் இப்படிக் கத்துகிறார், ஏன் வாயைப் பார்த்தே பேசுகிறார் என்று ஒரே மாதத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். இங்கே எல்லோரும் "தறி வூட்டு ஆளு, அப்டிதான்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் அவர் பல வருஷம் ஒளிந்து உட்கார்ந்திருந்தார்.

அவர் காது இன்னும் மோசமாகிக்கொண்டிருந்த சமயத்தில்தான் மிஷின் வந்தது. முதலாளி பட்டு நூல் முறுக்கும் மிஷின் ஒன்றை வாங்கினார். வைக்க இடமில்லை என்று எங்கள் மாடியின் பின்பாதியிலேயே வைத்தார். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. நூல் சுற்றும் கதிர்கள் வரிசையாகச் சுழல ஆரம்பித்தால் அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்வது! தறிச் சத்தமாவது தடதடவென்று விட்டுவிட்டு வரும். இது விடாத ஒரே ஙொய். பல்லுக்குள் போய் உட்காரும். மேஜைமேல் வைத்த டம்ளரில் தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருக்கும். முதலாளியின் அறை முன்பக்கம், கண்ணாடிக் கதவு, ஏசி. அவருக்கு அது தூரத்தில் ஏதோ ஓடுகிற மாதிரி. எங்களுக்குச் சாயங்காலம் ஆனால் தலை இரண்டு பங்கு கனக்கும். வீட்டுக்குப் போய் என் மாமியார் ஒரு வார்த்தை பேசினால் எரிந்து விழுவேன்.

எங்களில் அந்த மிஷினைத் திட்டாதவர் ஏகாம்பரம் அண்ணன் ஒருவர்தான். போன் வந்தால் முதல் வேலையாக அவர் சொல்வது, "மிஷின் ஓடுதுங்க, திரும்பச் சொல்லுங்க." எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் கத்திச் சொல்வார்கள். "மிஷின் ஓடுதுங்க, இன்னொரு வாட்டி." மறுபடியும் கத்துவார்கள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. மிஷின் ஓடினால் யார்தான் என்ன செய்ய முடியும்? கடைகளிலிருந்து அவரோடு போனில் பேசிய உங்களில் பலர் அந்த வார்த்தையைக் கேட்டிருப்பீர்கள்.

ஆபீஸில் இன்வெர்ட்டர் மாட்டிய மறுநாளோ என்னவோ, கரண்ட் போனது. மிஷின் நின்றது. ஆனால் இன்வெர்ட்டரில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அறை முழுக்க அப்படி ஓர் அமைதி. அந்த அமைதியில் ஏகாம்பரம் அண்ணன் மட்டும் போனில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். போனை வைத்ததும் நான் பின்னால் நின்று, "அண்ணா, ஈரோடு சரக்கு போயிடுச்சா?" என்று கேட்டேன். திரும்பவில்லை. மறுபடி கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவும் கேட்டேன். அவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்தார், மேலே ஃபேனைப் பார்த்தார், பிறகு தடுப்புக்கு அந்தப் பக்கம் மிஷின்காரர் பீடி பிடிக்க வெளியே போவதைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஃபேன் நின்றால் மிஷினும் நின்றுவிட்டது என்று அதுவரை ஃபேனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் என்னெதிரே வந்து உட்கார்ந்தார். என் வாயைப் பார்க்க வசதியாக எப்போதுமே எதிரில்தான் உட்காருவார். அவரே ஆரம்பித்தார். "ஆம்பளைங்க பேசினா கொஞ்சம் கேக்கும் மலரு. அதுவும் கத்தினா. பொம்பளைங்க கொரலு, கொழந்தைங்க கொரலு, சுத்தமா இல்ல. நீ பேசறத நான் பாத்துதான் கேட்டுக்கறேன். எம் பொண்ணு பேசறதும் அப்டிதான்." யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து போனில் எதுவுமே கேட்கவில்லை என்றால், பேசுவது பெண் என்று புரிந்துகொண்டு ரிசீவரை மூடி மேஜையைத் தட்டுவார். நான் எடுத்துப் பேசுவேன். மேஜையைத் தட்டுவதற்காக அவரோடு சண்டை போட்ட நான், பிறகு அந்தத் தட்டலுக்காகக் காதைத் தீட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்படியே ஓடியிருக்கும். அவர் ரிடையர் ஆகும்வரைகூட ஓடியிருக்கும். சுகந்தி வேலைக்குச் சேராமல் இருந்திருந்தால்.

சுகந்தி கம்ப்யூட்டருக்காக வந்தவள். கண்ணமங்கலம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். புதிதாகக் கல்யாணம் ஆனவள். கடைசியாக வந்தவளுக்குக் கடைசி இடம் என்று அவள் நாற்காலி தடுப்பை ஒட்டியே போடப்பட்டது. சில மாதங்களில் அவளுக்கு ஓயாத தலைவலி. கூப்பிட்டால் "ஆங்?" என்று கேட்க ஆரம்பித்தாள். ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே அவள் என்னிடம் விளையாட்டாகத்தான் சொன்னாள். "அக்கா, வூட்டுக்குப் போனாலும் மிஷின் கூடவே வருது. படுத்தா காதுல ஙொய்யினு கேட்டுகினே கீது. எங்க வூட்டுக்காரரு ஃபேன் சத்தம்ன்றாரு." எதிரே உட்கார்ந்திருந்த ஏகாம்பரம் அண்ணன் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "காலைல எழுந்தா நின்னுடுதா, இல்ல அப்பவும் கீதா?" என்று கேட்டார். அவள் யோசித்துவிட்டு, "முன்ன நின்னுடும்ணா. இப்பல்லாம் நிக்கறதில்ல" என்றாள். பாதி டீயை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் அவர் என்னிடம் சொன்னார், மிஷினை இங்கேயிருந்து எடுக்க வைக்கப் போகிறேன் என்று. எனக்கு வந்த கோபத்தில் மரியாதை எல்லாம் போய்விட்டது.

"உங்களுக்கு இன்னா பைத்தியமா? மிஷின் கீறதாலதான் உங்க வேல கீது. அது போச்சுன்னா மறுநாளே மாட்டிக்குவீங்க."

"தெரியும்மா."

"தெரிஞ்சிகினுமா? பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆவல. இந்த வயசுல உங்கள எவன் வேலைக்கு வெச்சிக்குவான்?"

"நான் அந்தப் பொண்ணு வயசுல எங்க மாமன் ஷெட்ல தறி ஓட்டினு இருந்தேன். இதே மாதிரிதான் ஙொய்யினு கேட்டுது. எங்க அம்மாகிட்ட சொன்னேன். தறிக்காரன் காதுல தறி ஓடாம இன்னாடா ஓடும்னு சிரிச்சாங்க. ஊரே சிரிச்சுது. நானும் சிரிச்சிட்டு வேலைக்குப் போனேன். அவளுக்கு இப்பதான் ஆரம்பிச்சிகீது. இப்ப நிறுத்தினா அதோட நின்னுடும்."

"அவள வேற எடத்துல உக்கார வெக்க சொல்லுங்க."

"அங்க உன்ன உக்கார வெப்பாங்க. உனக்கும் ஆரம்பிச்சிடுச்சி, தெரியுமா? முன்னல்லாம் டீக்கடைக்காரரு ஒரு தபா சொன்னா கேட்டுக்குவ. இப்ப ரெண்டு தபா கேக்கற. நான் பாத்துகினுதான கீறேன்."

காது கேட்காத மனிதர் என் காதைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியாக அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "எனக்கு கேக்காதுன்னு சுகந்திகிட்ட சொல்லிடாத. சொன்னா அந்தப் பொண்ணு தலவலி இல்லன்னு சாதிச்சிடும்."

முதலாளியிடம் போனார். முதலாளி கெட்டவர் என்று நான் எழுத வரவில்லை. தீபாவளிக்குத் துணி எடுத்துத் தருவார், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் வண்டி அனுப்புவார். ஆனால் சத்தம் என்று ஒருவர் வந்து புகார் சொன்னதை அவரால் நம்பவே முடியவில்லை. "ஆரணில பொறந்துட்டு சத்தம் சத்தம்னு பேஜார் பண்றியே ஏகாம்பரம்! ஊரே தறி மேல உக்காந்துகினு கீது. நீயே தறி வூட்டு ஆளு. உனக்கு இன்னா ஆயிடுச்சி?" என்றார். அண்ணன் விடவில்லை. "தறிக்காரன் தறில உக்காந்துகினு கீறான் மொதலாளி. இவங்க கணக்கு எழுத வந்தவங்க. இவங்க காது எதுக்குப் போவணும்?"

முதலாளி பாதி வழி இறங்கி வந்தார். மிஷின் காலுக்குக் கீழே ரப்பர் போடச் சொன்னார். டம்ளர் நடுங்குவது நின்றது, ஙொய் நிற்கவில்லை. தடுப்பின்மேல் காலியான சேலை அட்டைப் பெட்டிகளைக் கூரைவரை அடுக்கினோம். கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்தது. ஒரு வாரத்தில் பெட்டிகளுக்குள் எலி குடித்தனம் வந்துவிட்டது, நெய்த சேலையைக் கடித்துவிடும் என்று எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதாயிற்று. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பஞ்சு வைத்தால் போன் கேட்காது, எடுத்தால் மிஷின் கேட்கும். ஆபீஸ் நேரம் முடிந்தபிறகு மிஷினை ஓட்டலாம் என்றால் மிஷின்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. சுகந்தி ஒரு நாள் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அதைப் பார்த்த மறுநாள் காலை ஏகாம்பரம் அண்ணன் தன் மேஜையைத் தானே தூக்கிக்கொண்டு படியிறங்கினார். கீழே, நெசவாளர்கள் செருப்பு விடுகிற இடத்தில் மேஜையைப் போட்டு உட்கார்ந்தார். பிறகு நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பேக்கிங் பார்ப்பவர் வந்தார். சுகந்தி கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினாள். சேலை மடித்து எடுத்துவந்த நெசவாளர்கள், "இன்னாபா, ஆபீஸ ரோட்டுக்கு இறக்கிட்டீங்க?" என்று சிரித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் படியேறினார்கள். முதலாளி வந்து பார்த்தார், முகம் சிவந்தது, மேலே போனார். மறுநாளும் அங்கேயே உட்கார்ந்தோம். மூன்றாவது முறை அவர் வந்தபோது, வெளியூரிலிருந்து கல்யாணச் சேலை எடுக்க வந்த ஒரு குடும்பம் எங்கள் மேஜைகளுக்கு நடுவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் இது என்ன என்று கேட்டார். ஏகாம்பரம் அண்ணன் எழுந்து நின்று, "மேல மிஷின் ஓடுதுங்க" என்று மட்டும் சொன்னார். ஆடி மாதம் வியாபாரம் மந்தமாக இருக்கும்போது மிஷினை ஊருக்கு வெளியே ஒரு ஷெட்டுக்கு மாற்றுவதாக முதலாளி அன்று சாயங்காலமே சொல்லியனுப்பினார்.

ஆடியில் மிஷின் போனது. அது போன அன்று சுகந்தி எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிவந்தாள். ஆபீஸில் ஃபேன் சத்தம் கேட்டது. தெருவில் பூக்காரம்மா கூவுவது கேட்டது. ஒருவருக்கொருவர் மெதுவாகப் பேசிப் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். ஏகாம்பரம் அண்ணனும் சிரித்தார். எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்தபடி சிரித்தார். நான் என் மைசூர்பாகைக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டேன்.

கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தார். பெண்கள் போனை எனக்குத் தட்டுவார். ஆண்கள் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, வாட்ஸப்பில் போட்டுவிடுங்க என்பார். ஒரு நாள் நான் பேங்க்குக்குப் போயிருந்துவிட்டு உள்ளே நுழைகிறேன். முதலாளி அண்ணனுடைய மேஜைக்குப் பக்கத்தில் நின்று ஒரு சேலையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. எடுத்துத்தான் ஆக வேண்டும். கோயம்புத்தூர்க் கடை அம்மா. கல்யாண ஆர்டரில் ஏதோ மாற்றம். அண்ணன் என் நாற்காலியைப் பார்த்தார். காலி. "சொல்லுங்கம்மா" என்றார். ரிசீவரைக் காதோடு அழுத்தினார். "திரும்பச் சொல்லுங்கம்மா" என்றார். நான் வாசலிலிருந்து ஓடி எட்டுவதற்குள் அவர் வாய் தானாகவே அதைச் சொல்லிவிட்டது. "மிஷின் ஓடுதுங்க, திரும்பச் சொல்லுங்க."

அறையில் ஃபேன் சத்தம் மட்டும்தான் இருந்தது. முதலாளி சேலையை மெதுவாக மடித்து வைத்தார். அண்ணன் அப்போதும் போனைக் காதில் பிடித்துக்கொண்டு, எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். என்ன சொல்லிவிட்டோம் என்பது எங்கள் முகங்களிலிருந்துதான் அவருக்குத் தெரிந்தது.

அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. முதலாளி நியாயமாக நடந்துகொண்டதாகத்தான் நினைத்தார். போனில் உட்கார வைக்க முடியாது, ஆனால் இத்தனை வருஷம் உழைத்த ஆள், அதனால் ஊர் ஊராகப் போய் நெசவாளர் வீடுகளில் சேலை வாங்கிவரும் வேலையைக் கொடுத்தார். போனுக்கு ஆகாத காது ரோட்டுக்கு ஆகும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நான் அவர் அறைக்கே போய்க் கேட்டேன். "லாரியும் கம்பெனி பஸ்ஸும் போற ரோடு. பின்னால வர்ற வண்டி எப்படிங்க கேக்கும் அவருக்கு?" முதலாளி, "அவனே ஒத்துக்கினான்மா. நான் இன்னா வற்புறுத்தினேனா?" என்றார். ஒத்துக்கொள்ளாமல் அவர் என்ன செய்வார்? வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

காது மிஷின் ஒன்று வாங்கி மாட்டினார். "ஒரு மிஷின ஊர விட்டு அனுப்பிட்டு இன்னொன்ன காதுல மாட்டிகினேன் பாரு" என்று சிரித்தார். வீட்டுக்குள் அது கொஞ்சம் உதவியது. வண்டியில் போகும்போது காற்றே இடி மாதிரி இரைகிறது, தலை சுற்றுகிறது என்று கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மொபெட்டுக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்தார். ரோட்டை விட்டு இறங்கி மண்ணிலேயே ஓட்டுவார். மண் இல்லாத இடத்தில் தாரில் ஏறித்தானே ஆக வேண்டும்.

ஒரு மழை நாளில் நனைந்துபோய்ச் சேலை மூட்டையை மட்டும் பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். அவர் பழைய மேஜையில் சுகந்தி போன் பேசிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "சும்மா இருந்திருக்கலாம்லணா நீங்க? இன்னா கண்டீங்க இதுல?" என்று கேட்டுவிட்டேன். அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சுகந்தியைப் பார்த்தார். "காதுல ஙொய்யினு கேக்கறது நின்னுடுச்சாம் அவளுக்கு. நேத்து சொல்லிச்சு" என்றார். அவ்வளவுதான் பதில்.

சாவு வீட்டில் முதலாளி பெரிய மாலையோடு வந்தார். ஓரமாக நின்றார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவி தனலட்சுமி அண்ணி அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். அங்கேயும் ஒருவர் அதே பாட்டைப் பாடினார், காது கேட்காத மனிதர் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டாமா என்று. அண்ணி தலையை நிமிர்த்தினார். "மேஜைய தூக்கிகினு கீழ எறங்கின அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டாருங்க. இந்த மிஷின் போச்சுன்னா எம் பொழப்பும் போயிடும் தனம், நீ பயப்படுவியான்னு கேட்டாரு. பயப்படுவேன், ஆனா நீ செய்யின்னு சொன்னேன்." அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் காதைப் பற்றிப் பேசவில்லை.

சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் கேட்டாள். "அக்கா, அவருக்கு மொதல்லயே கேக்காதா? எனக்காகத்தான் மிஷின எடுக்க வெச்சாரா?" அவருக்குக் கொடுத்த வாக்கை இனி யாருக்காகக் காப்பாற்றுவது? ஆமாம் என்றேன். "தெரிஞ்சிருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேனே அக்கா" என்று நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றுவதற்குள் எனக்குப் பெரும்பாடாகிவிட்டது.

காரியம் முடிந்த பிறகு நான் வேலூருக்குப் போய்க் காதைப் பரிசோதித்துக்கொண்டேன். அவர் இருந்தவரை போ போ என்று சொல்லிக்கொண்டிருந்தார், நான் போகவில்லை. ஒரு சின்ன அறையில் அடைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொன்னார். "கொஞ்சம் போயிருக்கு. போனது திரும்பாது. ஆனா பயப்படற மாதிரி இல்ல. சத்தத்துல இருந்து நல்ல நேரத்துல வெளிய வந்துட்டீங்க. இன்னும் சில வருஷம் அங்கயே இருந்திருந்தா கஷ்டம்." நான் அழுதேன். காதுக்காக அழுகிறேன் என்று நினைத்து அவர் எனக்குத் தைரியம் சொன்னார்.

அவருடைய பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. அவரோடு எடுத்துக்கொண்ட போட்டோகூட இல்லை. அவர் எனக்கு விட்டுப்போனது என் காதில் மிச்சமிருக்கும் கேட்கும் சக்திதான். நேற்று ஒரு புதுக்கடையிலிருந்து போன் வந்தது. சுகந்தி எடுத்தாள். எதிர்ப்பக்கம் ஒரு பெண், தாழ்ந்த குரலில் வேகமாகப் பேசினாள். சுகந்தி ஒரே தடவை கேட்டுக்கொண்டாள், எதையும் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. அவள் பேசியது முழுவதும் என் நாற்காலியிலிருந்து எனக்குக் கேட்டது. அண்ணா, நீங்கள் ஒரு நாளும் கேட்டிராத எங்கள் இருவர் குரலும் எங்களுக்கு நன்றாகக் கேட்கிறது.